பெற்றோல் எங்கே போகிறது?



2022 ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு யூலையிற் பங்கீட்டு முறை வந்தபொழுது, மோட்டார்க் காருக்குக் கிழமையொன்றுக்கு 20 லீற்றரே கிடைத்தது. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பலர் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் அப்பொழுதுதான். வரிசை மறைந்தது, கணக்கும் மறைந்தது.

பெற்றோலிலுள்ள சக்தியில் ஏறக்குறையக் காற்பங்குதான் சில்லுகளைச் சென்றடைகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதி வெப்பமாய் வெளியேறிவிடும். அது எஞ்சினைச் செய்தவர் பாடு. நம் கையில், அல்ல, நம் காலில் இருப்பது அந்தக் காற்பங்கே.

1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்க. பிறேக்கை மிதித்து அதனை நிறுத்தினால், செலவிட்டுத் தேடிய வேகமெல்லாம் வெப்பமாய் அழிந்துபோம். கணக்கிட்டுப் பார்த்தால், 60 தடவை அவ்வாறு நின்று புறப்படுவதற்கு ஏறக்குறைய 1 லீற்றர் வேண்டும். சிவப்பு விளக்கைத் தூரத்திற் கண்ட பின்னும் அதனை நோக்கி விரைபவர் எதைத் தேடி விரைகிறாரோ, நானறியேன்! காலை எடுத்துவிட்டால் வண்டி தானே தளர்ந்து போய்ச் சேருமே. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. அதிவேகப் பாதையில் 80 இலிருந்து 100 ஆக்கினால் அத்தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ரயரிற் காற்றுக் குறைந்தாலும் வீண் செலவே.

இனிக் கூறப்போவதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். மலைச்சரிவில் நியூற்றலில் விட்டு இறங்கினாற் பெற்றோல் மிச்சமாகும் என்பது நம் நாட்டில் நெடுநாளைய நம்பிக்கை. மொறிஸ் மைனர் காலத்தில் அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. காபரேற்றர் பூட்டிய எஞ்சின், கியரில் இறங்கும்போதும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்றைய வண்டிகளின் அமைப்பு வேறு. கியரில் இருக்கையில் நாம் காலை எடுத்தால், ஓடும் சில்லுகளே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எண்ணெய் செலுத்துவதை வண்டியின் கணினி நிறுத்திவிடுகின்றது. நியூற்றலிலோ எஞ்சின் அணைந்துவிடாதிருக்க எண்ணெய் விட்டே ஆகவேண்டும்.

ஆகவே மிச்சம் இல்லை. ஆபத்தோ உண்டு. நியூற்றலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுப் பாரமும் பிறேக்கின் மேலேயே விழும். சூடேறிய பிறேக் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது போகலாம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை ஆஞ்சநேயரை வழிபட்டுக் கம்பளைக்கு இறங்கும் வான்களில் எத்தனை குழந்தைகள் இருக்கின்றார்கள்! அந்தச் சரிவில் இரண்டாம் மூன்றாம் கியரிலேயே வண்டியை விட்டுக் காலை எடுத்து இறங்குங்கள். அவ்வாறு இறங்கும் நேரத்தில் எஞ்சின் ஒரு துளி எண்ணெயும் குடிப்பதில்லை.