சீனி வருத்தமும் பல்வலியும்

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்வலிக்காக நம்மில் யாரும் வேலைக்குப் போகாமல் நிற்பதில்லை. நின்றால் ஒருநாள் பேர் போய்விடும். கிராம்பைக் கடைவாயில் அடக்கி, இரண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போகிறோம். சீனி வருத்தம் உள்ளவர்கள் அப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லத்தான் இன்று பேசுகிறோம்.

பல்லில் சீழ் கட்டுவது பெரும்பாலும் பக்டீரியாவால். ஆனால் மண்ணிலும் மக்கும் இலையிலும் வளர்கிற ஒருவகைப் பூஞ்சையும் உண்டு. அதன் வித்துகளை எல்லோரும் சுவாசிக்கிறோம். உடம்பு அதை வென்றுவிடும். சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறிக் கிடந்தால் அந்தப் பலம் குறைகிறது. அப்போது மூக்கு வழியாகவோ, சிலவேளை பல் பிடுங்கிய புண் வழியாகவோ பூஞ்சை உள்ளே பிடித்துக்கொள்ளும். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே, கன்ன எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. அதற்கு மேலே கண், கண்ணுக்குப் பின்னால் மூளை. பூஞ்சை இரத்தக் குழாய்களை அடைத்துக்கொண்டே போகும். போகிற வழியில் தசை செத்துக் கறுக்கும். சில நாட்களிலேயே மூளையைத் தொட்டுவிடலாம். 2021இல், கொரோனா காலத்தில், இந்தியாவில் 40,000க்கும் மேற்பட்டோருக்கு வந்த 'கறுப்புப் பூஞ்சை' இதுதான். அவர்களில் பெரும்பாலானோர் சீனி வருத்தக்காரர்.

இது அபூர்வமான நோய். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. இதைக் கேட்டுப் பயந்து சொத்தைப் பல்லை வாயிலேயே வைத்திருக்காதீர்கள். அதனாலும் சீனி ஏறும். சீனியைச் சோதித்து, வைத்தியரிடம் சொல்லிவிட்டுப் பிடுங்குங்கள்.

பிடுங்கிய புண் ஆறாமல் முகம் ஒருபக்கம் வீங்கினாலோ மரத்துப்போனாலோ, அண்ணம் கறுத்தாலோ, மூக்கில் கறுப்பாக வடிந்தாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரையோடு காத்திருக்க வேண்டாம். சாதாரணக் கிருமிநாசினி மாத்திரைக்குப் பூஞ்சை சாகாது. அம்போடெரிசின் என்ற மருந்தை ஏற்றி, செத்த தசையையும் வெட்டி எடுக்க வேண்டும். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் நடுச்சாமமானாலும் கமிட்டித் தலைவரை எழுப்புங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசு கேட்பதில்லை. நம்மைத் தடுப்பது அந்த ஒருநாள் கூலிதான். ஆகவே ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டினால் அன்றைய பேரைப் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கப்போகிறோம். அதுவரை, பல் வைத்தியரிடம் போகும்போது சீனி கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.