அப்பா என்ன செய்கிறார்?



நம் பிள்ளைகள் ஒரகடத்துக்கு ஷிப்ட் வேலைக்குப் போவதைப் பற்றி வாலாஜாபாத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று வேறொரு வாசலைப் பார்ப்போம். பெரிய முதலீட்டு வங்கிகளில் அனலிஸ்ட் என்றொரு தொடக்கநிலை வேலை இருக்கிறது. கம்பெனிகளின் கணக்கைப் படித்து அவற்றுக்கு மதிப்புப் போடும் வேலை. நம் பட்டதாரிகளும் அந்த நேர்காணலுக்குப் போகிறார்கள். எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்கள் கடைசிச் சுற்றில் திரும்பி வருகிறார்கள்.

இந்தத் தொழிலை அம்பேத்கரே முயன்று பார்த்தார். கொலம்பியாவில் பொருளியல் படித்துத் திரும்பியவர், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலோசகர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் வெளியிட்ட மனிதருக்குக் கணக்கில் என்ன குறை?

இன்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று என்றால் தலித் பெயருக்கு இரண்டுதான். நமக்குத்தான் பெயரில் சாதிப் பட்டம் இல்லையே, 1929இல் பக்கத்துச் செங்கல்பட்டு மாநாட்டிலேயே அதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்களே என்று நிம்மதி அடைய வேண்டாம். அதே 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார்? எந்த ஊர்? பெயர் மறைத்ததெல்லாம் அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும்.

அமெரிக்க முதலீட்டு வங்கிகளின் தேர்வைப் பற்றி லாரன் ரிவேரா 2015இல் ஒரு நூல் எழுதினார். முதலில் பெயர்பெற்ற கல்லூரிகளின் பட்டியல், அப்புறம் விளையாட்டு, பயணம், பொழுதுபோக்கு. விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் இவரோடு பொழுது போகுமா என்பதும் ஓர் அளவுகோலாம். லீவு நாளில் செங்கல் சூளைக்குப் போன பையன் பொழுதுபோக்கு என்று எதை எழுதுவான்?

நம் உத்திரமேரூரின் குடவோலையை மக்களாட்சி என்று பெருமை பேசுகிறோம். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி வேண்டும். குடத்தில் கைவிட்டது சிறுவன்தான். எந்தப் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அவர்களாவது அதைச் சுவரில் வெட்டி வைத்தார்கள்.

முதலாளியின் வங்கியில் நமக்கென்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அதே வங்கி நம் நிலத்தின் மீது வரும் ஆலைக்கு மதிப்புப் போடும்போது உள்ளே நம் ஆள் ஒருவர்கூட இல்லாததில் என்ன புரட்சி இருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்போம்.

69 விழுக்காடு அரசு வாசலோடு நின்றுவிடுகிறது. தனியார் துறைக்கும் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையை விடப்போவதில்லை. ஆனால் கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். ஆகவே மாணவர்களே, நேர்காணல் முடிந்த அன்று இரவே, கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் தேதியும் சுற்றும் போட்டு எழுதி வையுங்கள். கணக்குக் கேள்விகளையும் எழுதுங்கள், அப்பாவைப் பற்றிய கேள்வியையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள்.