வெயிலில் வெளுக்கும் நெற்பயிர்

நடவு முடிந்து மூன்று வாரம். வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் குட்டையாக நிற்கிறது. இளம் இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்திருக்கிறது. மற்ற இலைகளில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். "சார், ரெண்டு தரம் யூரியா போட்டாச்சு, பச்சை கட்டவே மாட்டேங்குது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பார்கள்.

மருந்துக் கடைக்குப் போகுமுன் சற்றுப் பொறுங்கள். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். இது அப்படியல்ல. பூச்சியுமல்ல, பூசணமுமல்ல. துத்தநாகச் சத்துக் குறைவு. வடக்கே இதைக் 'கெய்ரா' என்பார்கள். துத்தநாகக் குறைவே இதற்குக் காரணம் என்று பந்த்நகரில் டாக்டர் நேனே 1966-ல் எடுத்துச் சொன்னார்.

துளியளவே தேவைப்படும் இந்தச் சத்து இல்லாமல் பயிர் ஏன் இப்படி ஆகிறது?

இலைக்குள் பசுங்கணிகம் என்று கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகள் உண்டு. வெயில் பட்டதும் அங்கே தண்ணீர் பிளந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. ஒரு பொருள் கொடுக்க, அடுத்தது வாங்க, கைமாறிக் கைமாறிப் போய் அந்தச் சக்தியில்தான் மாவுப்பொருள் தயாராகிறது. விஞ்ஞானத்தில் இதை ஆக்ஸிகரணம், ஒடுக்கம் என்பார்கள். நம் பேச்சில் சொன்னால் கொடுக்கல் வாங்கல்.

உச்சி வெயிலில் வரத்து அதிகமாகி, வாங்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? மிஞ்சிய எலெக்ட்ரான் பக்கத்திலுள்ள ஆக்ஸிஜன் மேல் ஏறிவிடும். அந்த ஆக்ஸிஜன் கட்டறுத்த மாடு மாதிரி. பச்சையத்தையே சிதைத்துவிடும்.

அதை அடக்க இலையில் ஒரு நொதி இருக்கிறது. அதன் வேலையை 1969-ல் அமெரிக்காவில் மக்கார்டு, பிரிடோவிச் என்ற இருவர் கண்டறிந்தார்கள். பசுங்கணிகத்தில் உள்ள அந்த நொதிக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும். துத்தநாகம் குறைந்தால் காவல் தளரும். துத்தநாகம் குறைந்த பீன்ஸ் செடிகளில் இலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை 1989-ல் வெளியானது. கடும் வெளிச்சம் பட்ட பகுதி வெளுத்தது. மறைத்த பகுதி பச்சையாகவே நின்றது. ஆக்ஸின் என்ற வளர்ச்சிப் பொருளும் துத்தநாகம் குறைந்தால் குறைந்துபோகும். அதனால்தான் பயிர் குட்டையாகிறது. எத்தனை யூரியா போட்டாலும் இது தீராது.

களர் நிலம், சுண்ணாம்பு மண், எப்போதும் தண்ணீர் தேங்கும் பள்ளம், மணிச்சத்து மிதமிஞ்சிப் போட்ட வயல் இங்கெல்லாம் இக்குறை அதிகம். மண் பரிசோதனை செய்து பாருங்கள். குறை இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, பரம்படித்த பிறகு, நடவுக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு மட்டும் கலக்க வேண்டாம். கலந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிட்டாது.

நட்ட பிறகு குறை தெரிந்தால் தேங்கிய நீரை வடியுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சிங்க் சல்பேட், 2 கிலோ யூரியா கரைத்து, மாலை நேரத்தில் இலை நனையத் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை.

தள்ளிப்போடாதீர்கள். தூர் கட்டும் பருவம் போனால் போனதுதான். பிறகு பயிர் பச்சை கட்டினாலும் கதிர் எண்ணிக்கை கூடாது.