பஷீரின் வரவு செலவு



மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு பேப்பூர் வீட்டு மாங்குஸ்தான் மரத்தடிக்குப் போய்விடும். சாய்வு நாற்காலி, கிராமபோன், சுலைமானி, சுற்றிலும் விருந்தாளிகள். அந்தப் படத்தில் அவர் சூஃபி. காசு பணம் கிட்டே வராது. அந்தப் படத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு, முழு நம்பிக்கை இல்லை. கையில் காசில்லாதவனுக்கு ஓர் அணா எவ்வளவு கனக்கும் என்பதை அவரளவுக்குத் துல்லியமாக எழுதியவர்கள் குறைவு.

1908இல் வைக்கத்துக்கு அருகே தலையோலப்பறம்பில் பிறந்தார். தந்தை மர வியாபாரி. பெரியார் சிறை சென்ற அதே வைக்கம் போராட்டத்தின்போது பஷீர் பள்ளி மாணவர். காந்தி வந்தபோது கூட்டத்தில் முண்டியடித்து அவரைத் தொட்டுவிட்டு வந்து உம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டார். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகக் கோழிக்கோடு போனார். அடி, கண்ணூர்ச் சிறை. பிறகு பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைச்சல். சமையற்காரர், காவற்காரர், பழ வியாபாரி, சந்நியாசி என்று அவர் பார்த்த வேலைகளின் பட்டியல் நீளமானது. அதில் கணக்கெழுதும் வேலையும் உண்டு என்பது என் கட்சிக்கு வசதி.

திரும்பி வந்தபோது தந்தையின் வியாபாரம் நொடித்திருந்தது. சியால்கோட் கம்பெனி ஒன்றின் விளையாட்டுச் சாமான்களை விற்கும் ஏஜெண்டாக இருந்தார். சைக்கிளிலிருந்து விழுந்து காலில் அடிபட்டதும் அந்த வேலையும் போயிற்று. எர்ணாகுளத்தில் 'ஜயகேசரி' பத்திரிகையாசிரியர் பத்மநாப பையிடம் வேலை கேட்டுப் போனார். வேலை இல்லை, கதை எழுதித் தந்தால் பணம் தருகிறேன் என்றார் அவர். அப்படி வந்ததுதான் 1937இல் 'என் தங்கம்'. கதாநாயகி கூன் விழுந்த, ஒன்றரைக் கண்ணுள்ள கறுத்த பெண். கலைமகள் கூப்பிட்டு அவர் எழுத வரவில்லை, பசி கூப்பிட்டது.

'ஜன்மதினம்' கதையைப் பாருங்கள். பிறந்தநாள், கையில் காசில்லை. காலையிலிருந்து நேரத்தைக் குறித்துக் குறித்து ஒரு நாள் நகர்கிறது. ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லை. கடைசியில் இரவு பக்கத்து அறையின் சோற்றைத் திருடித் தின்கிறான். புலம்பல் கிடையாது. நேரமும் தேநீரும் கடனுமாகக் குறிப்புகள் மட்டும்.

'ஒரு மனுஷ்யன்' அதைவிடக் கறாரானது. அந்நிய ஊர், ஓட்டல், சாப்பாட்டுக் கணக்கு சுமார் 11 அணா. கோட்டுப்பையில் இருந்த பர்ஸைக் காணோம். உள்ளே 14 ரூபாய், அவன் சொத்து முழுவதும். ஓட்டல்காரன் உடுப்பை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருவன் மட்டும் எழுந்து அந்த 11 அணாவைக் கொடுத்து, வெளியே அழைத்துப் போய், பல பர்ஸுகளை எடுத்துக் காட்டி உன்னுடையது எது என்கிறான். பர்ஸை அடித்தவனே அவன்தான்! நல்லவன், கெட்டவன் என்று தீர்ப்பெழுத பஷீர் ஓரிடத்திலும் நிற்பதில்லை. தொகையைச் சொல்கிறார், போகிறார்.

'பிரேமலேகன'த்தில் காதலும் சம்பளத்துக்கு வருகிறது. வேலை தேடும் சாறாம்மாவுக்கு வங்கிக் குமாஸ்தா கேசவன் நாயர் தரும் வேலை, தன்னைக் காதலிப்பது. அவள் சிரிக்கவில்லை, சம்பளம் எவ்வளவு என்கிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு இந்துப் பெயரும் வேண்டாம், கிறிஸ்தவப் பெயரும் வேண்டாம் என்று ஆகாசமிட்டாய் என்று வைக்க நினைக்கிறார்கள். சிறையில் எழுதிய அந்த நூலைத் திருவிதாங்கூர் அரசு தடை செய்தது. அரசுகளுக்கு நகைச்சுவை சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

நான் அதிகம் திரும்பிப் படித்தது 'பாத்துமாவின் ஆடு'. மனநோய்க்குச் சிகிச்சை பெற்று, ஓய்வு தேடி வீட்டுக்கு வந்தவர் அவர். வீடோ சந்தை. உம்மா, தம்பிகள், அவர்கள் பிள்ளைகள், கோழி, பூனை, எல்லோருக்கும் அவர் பையில் கண். தங்கை பாத்துமாவுக்கு ஓர் ஆசை: ஆடு ஈன்றதும் பால் விற்றுத் தன் குடிசைக்கு நல்ல கதவு போட வேண்டும். ஆனால் கணவன் பட்ட கடனுக்காகச் சகோதரர்களுக்குப் பால் லஞ்சமாகப் போகிறது. மீதியை வீட்டார் அவளுக்குத் தெரியாமல் கறந்துகொள்கிறார்கள். கொடுமைக்காரர் ஒருவரும் இல்லை. பால் ஒரு ஆட்டுப் பால், வாய்கள் அத்தனை. ஆடோ 'பால்யகால சகி'யைத் தின்றுவிட்டு, 'சப்தங்க'ளையும் தின்றுவிட்டு, அடுத்து அவர் கம்பளியில் வாய் வைக்கிறது. அப்போதுதான் அவர் பதறுகிறார்: புத்தகமென்றால் இலவசமாகவே தரலாம், கம்பளி விலை கூடியது! தன் எழுத்தின் சந்தை மதிப்பை இப்படிச் சொல்ல, தன் புத்தகங்களைத் தானே தெருத்தெருவாகச் சுமந்து விற்ற ஒருவரால்தான் முடியும்.

1954இல் எழுதிய இந்த நூலைத் திருத்தி எழுத நினைத்து, திருத்தாமலே 1959இல் வெளியிட்டார். எழுதியதை மறுபடி மறுபடி செதுக்குகிறவர் தொடாமல் விட்ட நூல் இது. நல்லவேளை விட்டார்.

'மதில்க'ளில் ரூபாய் நடமாடவில்லை. சிறைச்சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நாராயணி. அவள் மேலே எறியும் காய்ந்த குச்சியும் அவன் சுவர் தாண்டிப் போடும் ரோஜாச்செடியும்தான் அங்கே செலாவணி. சந்திக்க நாள் குறிக்கிறார்கள். அதற்கு முன் விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது. பஷீரை ஞானி என்பவர்கள் இதைப் பற்றின்மையின் கதையாகப் படிக்கிறார்கள். எனக்கு இது, வரவேண்டிய பாக்கி வராமல் போனவனின் கதை.

எதில் தொடங்கலாம் என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. குளச்சல் மு. யூசுப் பஷீரைத் தமிழில் நிறையவே மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார். சிறுகதைகளில் தொடங்குங்கள், பிறகு ஆடு. மாங்குஸ்தான் மரத்தடிக்கு அப்புறம் போகலாம்.