நீறு பூத்த நெருப்பு: புகைப்பழக்கமும் இதயமும்



புகைப்பழக்கம் தீது என்பதை அறியாதவர் இன்று எவரும் இலர். சிகரெட் பெட்டியின் மீதே எச்சரிக்கைப் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆயினும், நடுவயதைக் கடந்த புகைப்பவரிடம் அதை எடுத்துரைத்தால், பலரும் கூறும் மறுமொழி ஒன்றே: "முப்பது ஆண்டுகள் புகைத்தாயிற்று. கெட வேண்டியது கெட்டுவிட்டது. இனி விட்டு என்ன பயன்?" இவ்வினா எள்ளி ஒதுக்கத் தக்கதன்று. இதற்கு மருத்துவ அறிவியல் தரும் விடையே இவ்வுரையின் பொருள்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெம்மை கொள்கிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள நடத்தும் இப்போரை மருத்துவர் அழற்சி என்பர். முள்ளை எடுத்துவிட்டால் அழற்சி தணியும், புண் ஆறும். ஆனால், நாள்தோறும் பத்து முறை, இருபது முறை புதிய முள் தைத்துக்கொண்டே இருந்தால் புண் ஆறுவது எங்ஙனம்? புகை இரத்தக் குழாய்களுக்குச் செய்வது இதுவே. வேறுபாடு ஒன்று உண்டு. காலில் தைத்த முள் வலிக்கும். குழாயினுள் எழும் அழற்சி வலிப்பதில்லை. அது நீறு பூத்த நெருப்பாய் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

புகையிலுள்ள நச்சுப் பொருள்கள் தமனிகளின் வழவழப்பான உட்படலத்தைப் புண்படுத்துகின்றன. புண்பட்ட இடத்தில் இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பு உட்புகுந்து சிதைகிறது. அதனை அகற்ற வரும் வெள்ளணுக்கள் கொழுப்பை விழுங்கி, அங்கேயே தங்கிவிடுகின்றன. இவ்வாறு படிவு வளர்கிறது. அழற்சி மிகும்போது படிவின் மேல்மூடி மெலிந்து, ஒருநாள் வெடிக்கிறது. உடனே அங்கு இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. புகைப்பவரின் இரத்தமோ இயல்பாகவே விரைந்து உறையும் தன்மை மிக்கது. நேற்றுவரை நலமாக நடமாடியவர் இன்று மாரடைப்பால் சாய்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கண்ணுக்குப் புலப்படாத இந்நெருப்பை அளக்கவும் வழி உண்டு. அழற்சி தோன்றும்போது கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம் என்பது 1930ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கண்டறியப்பட்டது. நலமுடன் இருந்த அமெரிக்க மருத்துவர்களிடம் நிகழ்ந்த ஆய்வொன்று 1997இல் வெளிவந்தது. இப்புரதம் மிகுந்திருந்த பிரிவினருக்கு, குறைந்திருந்த பிரிவினரைவிட மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதை அது காட்டியது.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். புகையை விட்டால் இந்நெருப்பு அணையுமா? அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 15,000க்கும் மேற்பட்டோரின் இரத்த அளவுகளை ஆராய்ந்த கட்டுரை 2005இல் வெளியாயிற்று. சி-ரியாக்டிவ் புரதம், வெள்ளணுக்களின் எண்ணிக்கை, இரத்த உறைவுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் ஆகியவை புகைப்பவரிடம் உயர்ந்தே காணப்பட்டன. விட்டவரிடமோ, விட்டு ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வளவுகள் படிப்படியாகத் தாழ்ந்திருந்தன. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடந்தவரின் அளவுகள், புகையையே தொடாதவரின் அளவுகளை ஒத்திருந்தன.

ஆயுள் பற்றிய சான்றும் இதனையே உறுதி செய்கிறது. இங்கிலாந்தின் ரிச்சர்ட் டால், நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பைத் தம் ஆய்வில் கண்டதும் தாமே புகைப்பதை நிறுத்தியவர். 1951இல் தொடங்கி, 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை அவர் குழுவினர் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். விடாது புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தனர். 30 வயதில் விட்டவர் ஏறத்தாழ அப்பத்தையும் மீட்டனர். 40இல் விட்டவர் ஒன்பதையும், 50இல் விட்டவர் ஆறையும், 60இல் விட்டவர் மூன்றையும் மீட்டனர். மாரடைப்பு வந்த பின்னரும் காலம் கடந்துவிடவில்லை. இதய நோயுற்றபின் புகையை விட்டவரின் இறப்பு வாய்ப்பு, விடாதவரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்ததில் புலனாயிற்று.

"முற்றிலும் விட இயலாது, ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன்" என்று ஆறுதல் கொள்வோர் உளர். இதயம் இக்கணக்கை ஏற்பதில்லை. நாளொன்றுக்கு இருபது புகைக்கும் ஆணுக்கு நேரும் கூடுதல் இதய நோய் இடரில் ஏறத்தாழ பாதி, ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் உண்டு என்று 2018இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. பீடி சிறியது, ஆதலால் தீங்கும் சிறிது என்பதும் பிழையான எண்ணமே. புகைப்பவரின் அருகிருக்கும் மனைவி மக்களின் தமனிகளும் அதே நச்சினால் புண்படுகின்றன. அவர்கள் இதை விரும்பி ஏற்றவர்கள் அல்லர்.

விடுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நிகோடின் மூளையைப் பிணிக்கும் பொருள். விட்ட முதல் வாரத்தில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். ஒவ்வொரு முறை எழும் வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்நேரத்தில் சிறிது தண்ணீர் அருந்துவதும், எழுந்து நடப்பதும், பேச்சுத்துணை தேடுவதும் கைகொடுக்கும். தேவைப்படுவோருக்கு நிகோடின் மெல்லுபசையும் மருந்துகளும் உண்டு. மருத்துவரைக் கேட்டு அவற்றைப் பெறலாம். 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

இல்லத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. விட்டவர் ஒருமுறை தவறிவிட்டால் இகழ்தல் கூடாது. பலரும் பலமுறை முயன்ற பின்னரே விடுதலை பெற்றிருக்கின்றனர். நோன்பேற்று, அதனை நிறைவேற்றி முடிப்பதன் அருமையை அறிந்த குடும்பங்களுக்கு இதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. நோன்பிருப்பவரை வீட்டார் அனைவரும் சூழ்ந்து தாங்குவது போலவே, புகையை விட முனைபவரையும் தாங்க வேண்டும்.

"இனி விட்டு என்ன பயன்?" என்று வினவியவருக்கு விடை இதுவே: நெருப்பு இன்னும் கனல்கிறது; ஆனால் அது அணையக்கூடிய நெருப்பு. விறகிடுவதை நிறுத்தினால் போதும். இன்று நிறுத்தினால், இன்றே அது தணியத் தொடங்கும்.