கடும் செப்சிஸ் நோயில் அழற்சிப் புரதங்களின் பங்கு

(மாவட்ட மருத்துவ அலுவலர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கடுமையான தொற்றினால் ஒருவர் இறந்தால், கிருமியே அவரைக் கொன்றது என்று கருதுகிறோம். இது முழு உண்மை அன்று. செப்சிஸ் நோயில் உயிரைப் பறிப்பது, பெரும்பாலும், கிருமியை எதிர்த்து எழுந்த உடலின் தற்காப்பே ஆகும். தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை நெறி பிறழ்ந்து, உறுப்புகள் செயலிழந்து, உயிருக்கு இடர் நேரும் நிலையே செப்சிஸ் என 2016-இல் வல்லுநர் வகுத்த வரையறை உரைக்கிறது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.9 கோடிப் பேரை இது தாக்கியது, அவர்களுள் 1.1 கோடிப் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

பல பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்நச்சு என்னும் பொருள் உள்ளது. அதனை உணரும் ஏற்பி எது என்பதைப் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் 1998-இல் கண்டறிந்தனர். அவ்வாறு உணர்ந்த வெள்ளணுக்கள், சைட்டோகைன் எனப்படும் செய்திப் புரதங்களை விரைந்து வெளியிடுகின்றன. கட்டி நசிவுக் காரணி, இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியன அவற்றுள் முதன்மையானவை. காலில் முள் தைத்த இடத்தில் இவை ஆற்றும் பணி நன்மையே. குருதிக் குழாய்கள் விரிகின்றன. அவற்றின் சுவர்கள் இளகி, வெள்ளணுக்களுக்கு வழி விடுகின்றன. நாம் காணும் சிவப்பும் வீக்கமும் அதன் விளைவேயாகும். ஆனால், இதே செயல் உடல் முழுவதும் ஒரே வேளையில் நிகழுமாயின், குருதியழுத்தம் வீழ்கிறது. குழாய்களினின்று நீர் கசிகிறது. நுண்குழாய்களில் குருதி உறைகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் உயிர்வளியின்றித் தவிக்கின்றன.

அங்ஙனமாயின், இப்புரதங்களைத் தடுத்தால் போதுமே என்று தோன்றும். 1985-இல் எலிகளிலும் 1987-இல் பபூன் குரங்குகளிலும், கட்டி நசிவுக் காரணிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உயிர் காத்தன. ஆயினும், 1990-களில் நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் ஏமாற்றமளித்தன. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், இக்காரணியைப் பிணைக்கும் மருந்தை மிகுதியாகப் பெற்றவர்களிடையே இறப்பு கூடவே செய்தது. காரணத்தை அறிதல் கடினமன்று. விலங்குகளுக்கு மருந்து முன்கூட்டியே தரப்பட்டது. நோயாளியோ அலை எழுந்து தணிந்த பின்னரே மருத்துவமனையை அடைகிறார். மேலும், நாம் தடுக்க முனைவது கிருமியை அழிக்கும் படையையே அன்றோ! கோவிட் நோயில் டெக்சாமெத்தசோன் என்னும் விலை மலிந்த மருந்து, செயற்கைச் சுவாசம் பெற்றோரின் இறப்பைக் குறைத்தது 2020-இல் தெளிவாயிற்று. அழற்சியை அடக்குவது எக்காலும் வீண் என்று கூறுவதற்கில்லை; எந்நோயில், எக்கட்டத்தில் என்பதே வினா.

ஆகவே, நம் முயற்சி முதற்சில மணி நேரத்திலேயே குவிய வேண்டும் என்பது என் கருத்து. குருதியழுத்தம் வீழ்ந்தபின் தக்க மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு குறைந்ததை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் சிற்றூர்களில் அந்த மணி நேரங்கள் பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே கழிகின்றன.

இதற்கு வழி கண்டவர்கள் நம்மிடையே உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் ஆகியோர் சிற்றூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தனர். பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடல், அழுகை நலிதல் போன்ற குறிகளைக் கொண்டே அப்பெண்கள் பச்சிளங்குழந்தைகளின் செப்சிஸ் நோயை இனங்கண்டு, வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி செலுத்தினர். குளிர் காத்தலும் தாய்ப்பாலும் அத்திட்டத்தில் அடங்கும். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுச் சிற்றூர்களை நோக்க, 62 விழுக்காடு குறைந்ததாக 1999-இல் அறிவித்தனர். சைட்டோகைனை அளக்கும் கருவி எதுவும் அங்கில்லை! குழந்தையை மேல் மருத்துவமனைக்கு அனுப்ப இயலாத நிலையில் துணைச் செவிலியர் இவ்வூசியைச் செலுத்தலாம் என மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014-இல் வந்தது.

இதற்கும் ஒரு தடை எழுந்துள்ளது. தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளின் தொற்றை ஆராய்ந்து 2016-இல் வெளியான முடிவுகளில், அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 விழுக்காடும் கிளெப்சியெல்லாவில் 54 விழுக்காடும் பல மருந்துகளுக்குப் பணியாதவையாயிருந்தன. இக்கிருமிகள் மருத்துவமனைகளில் கைவழியே படுக்கைக்குப் படுக்கை பரவுபவை. உங்கள் மருத்துவமனையின் குழந்தைப் பிரிவில் கைகழுவத் தொட்டியும், அதில் நாள் முழுதும் நீரும் உண்டா என்பதை ஊர் திரும்பியதும் நேரில் சென்று பாருங்கள்.