“என்ன, நியூஸ் வாசிக்கிறியா?”



சேட்டை செய்யும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மொழி கற்பிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் ஆசிரியை அல்ல. தொடர்புத்துறையில் பட்டயம் வாங்கிவிட்டு மைக் பிடித்தவள். அதனால் வகுப்பறையில் நின்ற ஒருவரின் அனுபவத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். ஈசூனில் எங்கள் புளோக்கிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். பட்டப்படிப்பு முடிந்ததும் ஜப்பானுக்குப் போய், 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

ஜப்பானில் 1987ல் தொடங்கிய ‘ஜெட்’ திட்டத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகளைத் துணை மொழியாசிரியர்களாக அமர்த்துகிறார்கள். சிங்கப்பூரர்களும் போகிறார்கள். ‘துணை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கே உடல் தண்டனையை 1947ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. துணையாசிரியர் கையிலோ பெரும்பாலும் மதிப்பெண்கூட இல்லை. பிறகு எதை வைத்து மிரட்டுவது?

வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் எழுந்து குனிந்து வணங்குவார்களாம். அடடா, என்ன ஒழுங்கு என்று நினைப்போம். ஐந்து நிமிடத்தில் பின்வரிசையில் ஒருவன் தூங்கிவிடுவான். இன்னொருவன், “டீச்சர், உங்களுக்குக் காதலர் இருக்கிறாரா?” என்பான். அந்த ஒரு கேள்வியில் மட்டும் ஆங்கிலப் பிழையே வராது!

அவரை உண்மையில் குழப்பியது வேறு. ஜப்பானியர் வாயில் மெக்டோனல்ட்ஸ் ‘மகுதோனருதோ’ ஆகிவிடும். அதைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டுமென்றே அப்படித்தான் சொன்னார்கள். சரியாகச் சொன்னால் “பெரிய ஆளாகிவிட்டாயோ” என்று வகுப்பு சிரிக்கும். தவறாகச் சொன்னாலும் சிரிக்கும். இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடம் ஏது? தூக்கம், கோமாளித்தனம். சேட்டையில் பாதி அந்தக் கூச்சம்தான் என்பது அவர் கணிப்பு. நானும் அதையே நம்புகிறேன்.

எல்லா வாக்கியத்தையும் கேலிக் குரலில் படிக்கும் ஒரு பையன் இருந்தான். அவனை அவர் அதட்டவில்லை. மறுநாள் வகுப்பு முழுவதையும் குரல் மாற்றிப் படிக்க வைத்தார். ரோபோ குரல், பாட்டி குரல், ரயில் அறிவிப்பாளர் குரல். பிழை வந்தால் அது ரோபோவின் பிழை, பிள்ளையின் பிழை அல்ல. இரண்டு வாரத்தில் வாய் திறக்காதவர்களும் திறந்தார்களாம்.

‘நம்மவர்’ படத்தில் 1994ல் கமல் ஒற்றை ஆளாகக் கல்லூரியையே திருத்துவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தோழியோடு ஒரு ஜப்பானிய ஆங்கில ஆசிரியரும் வகுப்பில் நின்றார். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகளின் வீட்டுக்கே போய்வரும் வகுப்பாசிரியர் இருந்தார். தூங்குகிறவன் ஏன் தூங்குகிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கூட்டுவேலையைச் சினிமா காட்டுவதில்லை.

இப்போது நம் தமிழ் வகுப்புக்கு வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 27.9 விழுக்காடு; ஆங்கிலம் பேசுவோர் 59.2 விழுக்காடு. பள்ளியில் தமிழ் இல்லாத மாணவர்கள் பள்ளி முடிந்தபின் பீட்டி ரோட்டிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். மாலை நேரம், பசி, வெவ்வேறு பள்ளிச் சீருடைகள். அங்கே ‘ழ’வை அழகாகச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் கேட்பது, “என்ன, நியூஸ் வாசிக்கிறியா?” என் பிழைப்பையே கிண்டலாக்கிவிட்டார்கள், பாருங்கள்!

2005லேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னது. ஆசிரியர்கள் முயல்கிறார்கள். ஆனால் வீட்டில்? பிள்ளை ‘வாளைப்பளம்’ என்றால் முதலில் சிரிப்பது பெரும்பாலும் நாம்தான். அடுத்த முறை அது ‘பனானா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

வார இறுதியில் ஈசூன் காப்பிக்கடைக்குப் போவீர்கள். தோசையைப் பிள்ளையையே தமிழில் கேட்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறினால் இடையில் புகுந்து திருத்தாதீர்கள். கடைக்கார அண்ணனுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடாதீர்கள்.